ஜெயம்மா பை பார்த்த படலம்

பதினொரு சாமானையும் உள்ளே சொருகி, சுருட்டி, நாடாவை முடிந்து, ஜெயம்மா அந்தப் பையைத் தலைகீழாகப் பிடித்து மூன்று தரம் உதறினார். முதல் உதறலில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவதில் சாவணம் விழுந்தது. மூன்றாவதில் மிச்சம் பத்தும் வந்து விழுந்தன. நிவித்திகல பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஜவ்பர், மேசைக் கண்ணாடியின் மேல் முன்கூட்டியே ஒரு சாக்கை விரித்து வைத்திருந்தார். போன புதன்கிழமை குறடு விழுந்த இடத்தில் கண்ணாடி இன்னும் மூன்று கீற்றாகத்தான் இருக்கிறது.

“பஸ்ஸு குலுக்குற குலுக்குக்கு இது தாங்காதுங்க மொதலாளி.”

“பஸ்ஸுல ஒருத்தரும் பைய தலகீழா புடிச்சிக்கிட்டு போறல்ல அக்கா.”

“நீங்க எங்க தோட்டத்து பஸ்ஸுல ஏறுனதில்ல,” என்று சொல்லிக்கொண்டே ஜெயம்மா விழுந்தவற்றைப் பொறுக்கினார்.

ஜெயம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. தையல் மெஷின் திருத்துவது தொழில். இளம் வயதில் ரத்தினபுரிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குத் தைக்கப் போனவர், அங்கே தைத்ததைவிட மெஷின் திருத்த வருகிறவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது அதிகம். ஆறு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவர் தையலுக்குச் சரிவரமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பில் பிழையில்லை. இன்றைக்கும் அவருக்கு ஒரு தலையணை உறையை நேராகத் தைக்க வராது. ஆனால் மூன்று தேயிலைத் தோட்டங்களில் நேராகத் தைக்கிற மெஷின்கள் எல்லாம் அவர் கைபட்டு ஓடுகிறவை. திரும்பி வந்து கொழுந்து பறித்தார், பின்னேரங்களில் மெஷின் பார்த்தார். முழங்கால்கள் மலை ஏற மறுத்த பிறகு மெஷின் மட்டும்.

மெஷினோடு அவர் பேசுவது மரியாதையாக. “என்னாங்க, போன மாசம் நல்லாத்தானே ஓடுனீங்க, என்னா கோளாறு பண்ணாங்க உங்கள?” என்று சக்கரத்தைத் தடவிக் கேட்பார். மெஷின்காரிக்கு அந்த மரியாதை கிடையாது. “தேங்காயெண்ணெ ஊத்துனியா? இது மெஷினா, ஒன் தலையா?” என்று ஆரம்பித்தால், மெஷின் ஓடத் தொடங்கும்வரை திட்டு ஓயாது. இதனாலேயே தோட்டத்துப் பெண்கள் சிலர் மெஷினை அவரிடம் காட்டும்போது தாங்கள் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

இத்தனை வருடமாக அவருடைய சாமான்கள் ஒரு பிஸ்கட் டின்னில் குடியிருந்தன. பஸ்ஸில் அந்த டின் ஏறினால் பின்சீட்டுவரை கேட்கும். ஒரு திருகாணியைக் கழற்ற முழு டின்னையும் தரையில் கொட்டவேண்டும். திரும்பி அள்ளும்போது ஏதாவது ஒன்று அந்த வீட்டிலேயே தங்கிவிடும். கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடு ஒன்றில் ஒரு பெண், காணாமல்போன சாவணத்தால் புருவம் திருத்திக்கொண்டிருந்ததை ஜெயம்மா தம் கண்ணால் பார்த்தார். கேட்கவில்லை. “பாதிப் புருவத்தோட இருக்கிறவகிட்ட எப்புடிங்க கேக்குறது?” என்பது அவருடைய நியாயம். வேறு சாவணம் வாங்கினார்.

டின்னுக்கு முடிவு கட்டியவர் மகாதேவி. பிரதேச செயலகத்திலிருந்து பெண்கள் நிலையத்துக்குப் பொறுப்பாக வருகிற உத்தியோகத்தர். ஊர் சாவகச்சேரிப் பக்கம், மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் எப்போதும் குடை. மேல் பிரிவில் இருக்கும் அந்த நிலையத்தில் பன்னிரண்டு மெஷின்கள், அவற்றில் எட்டு படுத்துவிட்டன. முன்பள்ளிப் பிள்ளைகளின் சீருடைத் துணி வெட்டி அடுக்கியபடி கிடந்தது. ரத்தினபுரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உதிரிப்பாகம் வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். ஆனாலும் அவரைத்தான் மாதாமாதம் வரச் சொல்லலாமா என்று மகாதேவிக்கு யோசனை. அதற்குக் காரணம் அவர் கொண்டுவந்த சுருட்டுப் பை. விரித்தால் பாய், சுருட்டினால் பை, உள்ளே வரிசையாக அறைகள், அறைக்கொரு ஆயுதம்.

“அந்தாளு பைய விரிச்சதும் பொம்பளைங்க எல்லாம் வாயப் பொளந்துட்டு பையத்தான் பாத்தாளுங்க,” என்று ஜெயம்மா பிறகு சொன்னார். “மெஷின ஒருத்தியும் பாக்கல. அந்தாளும் பாக்கல.”

ஜெயம்மா தன் டின்னோடு போய் அந்த வேலையைக் கேட்டார். கேட்ட கையோடு அதைத் தரையில் கொட்டியும் காட்டினார். உருண்டோடிய பாபின் ஒன்றைத் தன் செருப்பால் மறித்த மகாதேவி, நிதானமாகச் சொன்னார்: “அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை வாங்கோ. பின்னேரம் நாலு மணிக்குள்ள எட்டும் ஓட வேணும். ஓடினால் மாசாமாசம் நீங்கள்தான். ஓடாட்டி அந்தப் பெடியனைக் கூப்பிடுறன். ஆனால் ஒண்டு, இந்த டின்னோட வராதேங்கோ.”

மாதத்தில் ஒரு நாள், ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு மெஷின். லயம் லயமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. முழங்கால்கள் அங்கேயே சம்மதித்துவிட்டன. பைதான் பாக்கி.

ஜெயம்மா பை பார்த்ததை, பெண் பார்க்கப் போகிற மாமியாரோடுதான் ஒப்பிட முடியும். முதல் புதன்கிழமை ஜவ்பர் காட்டியது இருபத்து நான்கு அறை உள்ள கறுப்பு றெக்சின். வாகனம் திருத்துகிறவர்களுக்கானது. ஜெயம்மாவின் சின்னத் திருப்புளி உள்ளே போனது, திரும்பி வரவில்லை. “கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுதுங்க. இத மாட்டு டாக்குத்தருக்குக் குடுங்க,” என்றார். இரண்டாவது புதன்கிழமை பச்சைக் கன்வஸ். அறைகள் அளவானவைதான், மேலே மூடுகிற மடிப்பு இல்லை. கண்ணாடி உடைந்தது அதில்தான். மூன்றாவது, கொழும்பிலிருந்து ஜவ்பர் இவருக்காகவே போனில் சொல்லி எடுப்பித்தது. அதில் மடிப்பும் இருந்தது, ஆனால் அதைப் பிடித்து வைக்கப் பொத்தான் இல்லை. அது விழுந்த லட்சணத்தைத்தான் மேலே பார்த்தோம். போதாததற்கு உள்பக்கம் கறுப்பு. “ஊசித் திருகாணி ஒன்னு இதுல விழுந்தா, மறுநாள் வெளிச்சத்துலதான் எடுக்கலாம்,” என்று தள்ளிவிட்டார்.

இவர் தள்ளிய பைகளை ஜவ்பர், இவர் சொன்ன குறைகளைச் சொல்லியே விற்றார் என்பதையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும். “நல்ல ஆழம், சாமான் வெளியே வராது” என்று றெக்சின் போனது. “மூடி இல்லை, சட்டென்று எடுக்கலாம்” என்று கன்வஸ் போனது.

மூன்றாவது பையும் தோற்ற அந்தப் புதன்கிழமைதான் ஜெயம்மாவின் கண் ஜவ்பரின் தலைக்கு மேல் போனது. காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், தவிட்டு நிறத்தில் பழைய தோல் பை ஒன்று சுருண்டு தொங்கியது. கேட்காமலே எட்டி எடுத்தார். உள்ளே வெள்ளைத் துணி. உள்ளங்கை நீளத்தில் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் மடிப்பு, மடிப்புக்கொரு பொத்தான்.

அது விற்பனைக்கு இல்லை என்றார் ஜவ்பர். மௌத்தாகிப்போன மாமாவுடையது, மாமா ரத்தினக்கல் வியாபாரி, இந்தப் பையில் போன கற்கள் கொழும்புக்கும் அதைத் தாண்டியும் போனவை, இதில் எண்ணெய்ச் சாமான் போடுவதாவது என்று சொல்லி முடிப்பதற்குள் ஜெயம்மா பதினொன்றையும் சொருகிவிட்டிருந்தார். பெரிய திருப்புளியின் கைப்பிடி மட்டும் இரண்டு விரல் அளவு நீண்டது. பிடியை வெட்டினால் சரி என்று தீர்மானித்துக்கொண்டு, தலைகீழாகப் பிடித்து மூன்று தரம் உதறினார். ஒன்றும் விழவில்லை. நாலாவதாகவும் உதறினார். அப்போதும் விழவில்லை.

ஜவ்பர் யோசித்தார். இன்னொரு புதன்கிழமை என்று ஒன்று வரும் என்பதையும் சேர்த்து யோசித்தார். பிறகு, “கொண்டு போங்க. ஆனா ஒன்னு அக்கா, இதெ பஸ்ஸுல வச்சு விரிச்சிறாதீங்க,” என்றார்.

சாமான் கொட்டிவிடும் என்று சொல்கிறார்போலும், பாவம், பையின் அருமை தெரியாதவர் என்று ஜெயம்மா நினைத்துக்கொண்டார்.

நிவித்திகலப் பக்கம் ஒரு சங்கதி உண்டு. அங்கே தெருவோரம் நிற்கிற ஆண்களில் பாதிப்பேர் எதையாவது வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். மீதிப்பேர் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில் ஒருவர் தோல் சுருளை விரித்து, ஒரு மடிப்பை மட்டும் திறந்து எட்டிப் பார்த்து, உடனே மூடினால், அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

ஜெயம்மா சனிக்கிழமை காலை தோட்டத்து பஸ்ஸில் அதைத்தான் செய்தார். புதுத் தோடு போட்டவள் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல, வளைவுக்கொரு தரம் நாடாவை அவிழ்த்து, ஒரு பொத்தானைத் திறந்து, திருப்புளி இருக்கிறதா என்று பார்த்து மூடினார். பின்சீட்டில் ஜஸீல் இருந்தார். கல் தரகர். பலாங்கொடை வரைக்கும் போகவேண்டியவர், அடுத்த வளைவிலேயே போனை எடுத்தார்.

மேல் பிரிவில் ஜெயம்மா இறங்கியபோது, அங்கே எந்த அலுவலும் இல்லாத ஜஸீலும் இறங்கினார்.

“அக்கா, கையில என்னமும் ஈக்கா?”

“கல்லா? ஒரு கல்லும் இல்லங்க,” என்றார் ஜெயம்மா. அது முழு உண்மை. துரதிருஷ்டம் என்னவென்றால், அந்தப் பிரதேசத்தில் கல் வைத்திருக்கும் அத்தனை பேரும் முதலில் சொல்லும் வசனமும் அதுதான். ஜஸீலின் முகம் மலர்ந்துவிட்டது.

நிலையத்துக்குள் போய் மேசையில் பையை விரித்தபோது இன்னொரு இடி காத்திருந்தது. விடியற்காலை மழையில் கரண்ட் போயிருந்தது. வெளியே மூட்டம், உள்ளே மசங்கல். ஊசி இறங்கும் இடத்தில் கீழேயிருந்து கொக்கி வந்து நூலைப் பிடிக்கிற கணத்தை மயிரிழை சுத்தமாகப் பார்த்தால்தான் மெஷின் திருத்த முடியும். ஜெயம்மாவுக்குத் தன் விரலே சரியாகத் தெரியவில்லை. நாலு மணிக்குள் எட்டு. சீருடை தைக்க வந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து, ரத்தினபுரி மெக்கானிக்கின் பை இதைவிடப் பெரியது என்று காதுபடப் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஓட்டோவில் பந்துல வந்து இறங்கினார். ஜஸீலின் போனுக்கு மறுமுனையில் இருந்தவர், கூட்டாளி. வாசலில் நின்றே, “பொட்டக் பலமு, அக்கே,” என்றார். கொஞ்சம் பார்ப்போமே என்று எவ்வளவு பணிவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பணிவு. கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கிற டோர்ச்சை எடுத்துத் தட்டினார். விரல் தடிப்பான சின்ன டோர்ச். அதிலிருந்து வந்த வெளிச்சம் மேசை, பை, மெஷின் எல்லாவற்றையும் தாண்டிப்போய்ச் சுவரிலிருந்த பல்லியை எழுப்பியது.

ஜெயம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பந்துலவைப் பார்த்தார். பிறகு, பந்துலவின் சிங்களத்தைவிடத் திருத்தமான சிங்களத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். கல் ஏதும் இல்லை என்பதை இன்னொரு தரம் சொல்லி வைத்தார். எதுவானாலும் வேலை முடிந்த பிறகுதான் பேச்சு, அதுவரை வெளிச்சத்தைக் கொக்கிமேல் பிடியுங்கள், கை ஆடாமல், என்றார்.

இப்படியாக, வேலை தொடங்கி அரை மணித்தியாலத்தில் ஜெயம்மாவுக்கு இரண்டு டோர்ச்சும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கண்ணாடியும், அவற்றைப் பிடிக்க இரண்டு ஆட்களும் கிடைத்தார்கள். பத்து மணிக்கு மூன்றாமவரும் வந்தார். தோட்டத்து வாச்சர் சின்னத்தம்பி. தோட்டத்து ஓடையில் ஜெயம்மாவுக்கு நீலக்கல் அகப்பட்டதாமே, தோட்டத்து மண்ணில் கிடைத்தது தோட்டத்துக்கல்லவா, பையைப் பரிசோதிக்க வேண்டும் என்று விறைப்பாக ஆரம்பித்தார். மாட்டேன் என்று ஜெயம்மா சொல்லவில்லை. “பரிசோதிங்க அண்ணே. நான் ஒன்னொன்னா தெறக்குறப்ப பக்கத்துலயே நின்னு பாருங்க. சும்மா நிக்காம அந்தச் சக்கரத்த மெதுவா சுத்துங்க,” என்றார்.

ஒவ்வொரு அறையாகத் திறந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் மூன்று கழுத்துகள் நீண்டன. முதல் அறையில் சின்னத் திருப்புளி. இரண்டாவதில் அதற்கு அண்ணன். அடுத்ததில் சாவணம். ஏமாந்து ஏமாந்து அவர்களுக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது, ஏனென்றால் திறக்காத அறைகள் குறைந்துகொண்டே வந்தன. மத்தியானத்துக்குள் ஐந்து மெஷின் எழுந்துவிட்டது. பெண்கள் சீருடை தைக்கத் தொடங்கிவிட்டார்கள். பந்துலவுக்கு பாபின் கேஸைக் கழற்றவும் பூட்டவும் வந்துவிட்டது.

இரண்டரை மணிக்கு, ஏழு மெஷின் முடிந்து எட்டாவதில் நிற்கும்போது, மகாதேவி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“பெண்கள் நிலையத்துக்குள்ள இவ்வளவு ஆம்பிளையள் என்ன செய்யினம்?”

 சக்கரம் மட்டும் சுற்றியது, ஏனென்றால் நிறுத்து என்று சின்னத்தம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

“வெளிச்சம் புடிக்கிறாங்க மிஸ்.”

“கல் விக்கிறியளாம் எண்டு செயலகக் கந்தோர் வரைக்கும் கதை வந்திட்டுது. இது அரசாங்கத்தின்ர கட்டடம். இவையளை உடனே வெளியால அனுப்புங்கோ.”

ஜெயம்மா அசையவில்லை. எட்டாவது மெஷின் காலையிலிருந்தே வம்பு செய்கிறது. ஓடுகிறது, ஆனால் நாலு விரல் தைத்ததும் நூல் அறுகிறது. ஊசி மாற்றியாயிற்று, நூல் மாற்றியாயிற்று, எண்ணெய் கொடுத்து, “என்னாங்க வேணும் உங்களுக்கு?” என்று கெஞ்சியும் ஆயிற்று. வெளிச்சம் வெளியே போனால் இதுவும் போகும், மாதாமாதச் சனிக்கிழமையும் போகும்.

“ஏழு முடிஞ்சது மிஸ். நாலு மணின்னுதானே சொன்னீங்க? அதுவரைக்கும் விடுங்க. முடியலன்னா இவங்க மட்டும் இல்ல, நானும் சேந்து போயிர்றேன்.”

மகாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலி ஒன்றை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று மணி தாண்டி, மூன்றரையும் தாண்டியது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஜெயம்மா கொக்கியைக் கழற்றி ஜஸீலிடம் நீட்டினார். “தம்பி, நீங்க கல்லுல என்னா பாப்பீங்க? கீறல் பாப்பீங்கதானே? இதுல பாருங்க.”

முப்பது வருடமாகக் கல்லில் குறை கண்டுபிடித்து விலை குறைத்த கண் அது. ஜஸீல் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டவைத்து, கொக்கியை டோர்ச்சுக்கு முன்னால் விரலால் உருட்டினார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவதில் நின்றார்.

“மூக்கு நுனியில, உள்பக்கமா ஒரு சின்ன முள்ளு ஈக்கு அக்கா. வெறுங்கண்ணுக்குப் புடிபடாது.” பழக்கதோஷத்தில், “நல்ல சாமான்தான், ஆனா இதால வெல போகாது,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜெயம்மா பதினோராவது அறையின் பொத்தானைத் திறந்தார். உள்ளேயிருந்து வெளியே வந்தது, சின்னதாக நாலாய் மடித்த ஒரு காகிதப் பொட்டலம். கல்லை மடிப்பதும் அப்படித்தான். சின்னத்தம்பி சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். பந்துலவின் டோர்ச் அன்றைக்கு முதல் தடவையாக ஆடியது. ஜெயம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். அது இரும்பு தேய்க்கிற எமரித் தாள்.

அதில் ஒரு கிழிசலை எடுத்து, கொக்கியின் மூக்கை, குழந்தைக்குச் சளி துடைப்பதுபோல நாலு தரம் துடைத்துப் பூட்டினார். மகாதேவியே எழுந்து வந்து உட்கார்ந்து மிதித்தார். ஒரு முழம் தைத்தது. இரண்டு முழம் தைத்தது. துணி முடிந்தது, நூல் அறவில்லை. மணி நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மகாதேவி தன் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஜெயம்மா. அவ்வளவுதான். பையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை வரவில்லை.

ஆனால் மேசையைச் சுற்றி நின்ற மூவருக்கும் அந்தப் பையைத் தவிர வேறு உலகம் இல்லை. பதினொரு மடிப்பு திறந்தாயிற்று. பன்னிரண்டாவது பொத்தான் போட்டபடியே இருந்தது. அதில் போட ஜெயம்மாவிடம் சாமான் ஏதும் இல்லாததால் காலையிலிருந்து அதை யாரும் தொடவில்லை. இந்தச் சாதாரண காரணம் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இப்ப சரி அக்கா, வேலயும் முடிஞ்சி,” என்றார் ஜஸீல், குரலைத் தாழ்த்தி.

ஜெயம்மா அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நான்தான் காலையிலருந்து சொல்றேனே, ஒரு கல்லும் இல்லன்னு. அப்புடியே இருந்தாலும், இன்னைக்கு என்னா கெழம? சனிக்கெழமையில யாராச்சும் கல்லு காட்டுவாங்களா?”

அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று மூவருக்கும் தெரியாது. இல்லை என்று முதலில் சொல்லும் ஆளாக இருக்கவும் மூவருக்கும் துணிவில்லை. பந்துல, தன் அப்பா சொல்லிக் கேட்டதுண்டு என்பதுபோலத் தலையாட்டினார். சின்னத்தம்பி, சனிக்கிழமை பரிசோதிப்பது தனக்குமே நல்லதல்ல என்று ஒதுங்கினார். அப்படியானால் அடுத்து எப்போது இந்தப் பக்கம் வருவீர்கள் என்று ஜஸீல் கேட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை என்றார் ஜெயம்மா. ஜஸீல் அதைக் கவனமாகப் போனில் குறித்துக்கொண்டார். டோர்ச்சுக்குப் புது பற்றரி போட்டு வரும்படியும் அவருக்குச் சொல்லப்பட்டது.

ஓட்டோ போனது. பெண்கள் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். மகாதேவி கதவைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டார். கடைசி பஸ் கீழ் வளைவில் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அவர் குடையை விரித்தார், மழை இல்லை என்று கண்டு மடக்கினார், கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஜெயம்மாக்கா,” என்றார். அன்றுவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. “நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அந்தக் கடைசி அறைக்குள்ள உண்மையா ஒண்டும் இல்லையோ?”

 பஸ் வந்து நின்றது. ஜெயம்மா ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தார், பையைச் சேலை மடிப்புக்குள் ஆழமாகச் சொருகினார், மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படியில் கால் வைத்தார்.